முதலிடம்

பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஓடினால் மட்டுமே புள்ளி தரும் செயலி அது. மிதுலாவின் பள்ளி, எல்லாப் பெற்றோரின் போனிலும் அதை ஏற்றச் சொல்லியிருந்தது. பிள்ளைகளின் கையில் கட்ட, ஓட்டத்தை அளந்து செயலிக்கு அனுப்பும் பட்டை ஒன்றையும் கொடுத்திருந்தது. மிதுலா கனத்த உடம்புக்காரி. பூங்காவை ஒரு சுற்று வருவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். அவளால் அப்பா குணாளனின் பெயர் புள்ளிப் பட்டியலில் கடைசியிலேயே கிடந்தது.

ஒருநாள் காலையில் அவர் மிதுலாவின் கையிலிருந்த பட்டையைக் கழற்றி, எதிர்வீட்டு ஷெரினின் மணிக்கட்டில் மாட்டினார். ஷெரின் வேறு பள்ளியில் படிக்கிறவள். மான் மாதிரி ஓடுவாள்.

"நான் இன்னும் வேகமா ஓடுறேன்ப்பா."

"நீ ஓடி கிழிச்சது போதும். உக்காரு. தண்ணி பாட்டில பாத்துக்க."

அதன்பிறகு தினமும் மிதுலா பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் இருவரும் சிரித்தபடி ஓடுவதைப் பார்த்தாள்.

அதிகப் புள்ளிக்கான முதல் பரிசு குணாளன், மிதுலா பெயருக்கே கிடைத்தது. வாங்கிக்கொள்ளப் பள்ளி மேடையில் அப்பாவோடு மிதுலாதான் ஏறினாள். கோப்பையைக் கொடுத்த ஆசிரியை அவளிடம் மைக்கை நீட்டினார்.

"அப்பாகூட ஓடுறது எப்படிம்மா இருக்கு?"

குணாளன் அவள் தோளை அழுத்தினார்.

"எனக்கு மூச்சு வாங்குனா அப்பா நின்னுடுவாரு மிஸ்," என்றாள் மிதுலா. "என் கையப் புடிச்சுக்கிட்டு மெதுவா நடப்பாரு."

அரங்கமே கைதட்டியது. குணாளனும் சிரித்துக்கொண்டே தட்டினார்.