வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கொட்டகை

“மரக்காலை இன்னும் கொஞ்சம் இடப்பக்கமாத் தள்ளு மாஷி. உனக்கு இடப்பக்கம் இல்ல, எனக்கு இடப்பக்கம்!”

வேலியில் சாய்த்து வைத்திருந்த போனிலிருந்து கணவன் சஃபீரின் குரல் வந்தது. மாஷிதா போனை ஒரு முறை முறைத்துவிட்டு, ஆளுயர மரக்காலைக் கட்டிப் பிடித்து நகர்த்தினாள்.

“இப்ப?”

“இப்ப நேரா நிக்குது. மண்ணைத் தள்ளி நல்லா மிதி.”

புதுமடத்தில் அவர்கள் வீட்டுக் கொல்லை முழுக்கப் பழைய மரம் கிடந்தது. பாம்பனில் உடைத்த ஒரு படகின் பலகைகள், எங்கோ இடித்த வீட்டின் சட்டங்கள், தேக்குக் கதவு ஒன்று, துருப்பிடித்த தகரம் ஏழெட்டு. எல்லாவற்றையும் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்து இறக்கிய பழைய மர வியாபாரி தனுஷ்கோடிக்குக் கிளம்ப மனசில்லை.

“ஏம் தங்கச்சி, நெசமாவே நீயேதான் கட்டப் போறியா? ஒரு ஆசாரியக் கூப்பிட வேண்டியதுதான?”

“எங்க வீட்லயே தச்சர் இருக்காகண்ணே. துபாய்ல பதினோரு வருச சர்வீசு.”

தனுஷ்கோடி குனிந்து போனைப் பார்த்தார். “என்ன பாய், இன்னிக்கு லீவாக்கும்?”

“லீவுதாண்ணே,” என்றான் சஃபீர். “இஷ்டத்துக்கு லீவு.”

மாஷிதா கல்யாண வீடுகளுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிறாள். இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகள், பதினாறு பிரியாணி தேக்சாக்கள், கரண்டிகள், தாம்பாளங்கள். எல்லாம் முன்னறையில் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் நடக்கலாம். வெளியே போட்டால் நாற்காலி வெயிலில் வெடிக்கும், பாத்திரம் உப்புக்காற்றில் கறுத்துப் போகும்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள முன்ரூம் காலியாகணும்ணே,” என்றாள். “அவுக ஜும்மாவுக்குப் போகணும்.”

“அட, பாய் வாராரா! அதான் இம்புட்டு வேகமா?”

அவள் நாலு ஆணியை வாயில் கவ்விக்கொண்டாள். சுத்தியலை எடுத்துப் படபடவென்று அடித்தாள்.

“மெதுவா அடி மாஷி. ஒவ்வொரு அடியும் எனக்கு ரெண்டு தடவ கேக்குது.”

“நெட்வொர்க் அப்படித்தான் பாய்!” என்று சிரித்துக்கொண்டே தனுஷ்கோடி வண்டியைக் கிளப்பினார்.

செவ்வாய்க்கிழமை நாலு கால்களும் நின்றன. மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளக்கச் சொன்னான் சஃபீர். இரண்டு அளவுக்கும் அரை அடி வித்தியாசம் இடித்தது. ஒரு காலைப் பிடுங்கி மறுபடி நட்டாள். மேலே சட்டம் பூட்டினாள். அன்றைக்கு அவள் சாப்பிட்டபோது சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

புதன்கிழமை கச்சான் காற்று எழுந்தது. மத்தியானத்துக்குள் மொத்தச் சட்டமும் சரிந்து விழுந்தது. விலகி ஓடியவளின் முழங்கையைப் பலகை ஒன்று கீறிவிட்டுப் போனது. முந்தானையைச் சுற்றி இறுக்கிக்கொண்டு போனைக் கையில் எடுத்தாள்.

“ரத்தமா? காட்டு. கையைக் காட்டு மாஷி!”

“ஒண்ணுமில்ல. கீறல்.”

“விட்ரு,” என்றான். குரல் உடைந்திருந்தது. “இது நான் செய்ய வேண்டிய வேலை. என்னால உனக்கு எல்லாம்…”

“எதனால விழுந்துச்சு? அதச் சொல்லுங்க முதல்ல.”

“குறுக்குச் சட்டம் போடல. நாந்தான் சொல்ல மறந்துட்டேன்.”

“அப்ப இப்பச் சொல்லுங்க. எந்த மூலைலருந்து எந்த மூலைக்கு?”

“மாஷி…”

“எந்திரிச்சு நிக்கிற வரைக்கும் நான் விடப் போறதில்ல மச்சான். சொல்லுங்க.”

அவன் சொன்னான். அவள் அறுத்தாள். அறுத்தது கோணலாகப் போனால் வேறு சட்டம் எடுத்தாள். வியாழக்கிழமை சுற்றிலும் பலகை அடித்தாள், மேலே தகரம் ஏறியது. தேக்குக் கதவு கனமென்று மூன்று கீல் போடச் சொன்னான். முதல் கீலைத் தலைகீழாகப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் போனில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சாயங்காலம் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலையில் தனுஷ்கோடி அந்தப் பக்கம் வந்தவர், வண்டியை நிறுத்திவிட்டுக் கொல்லைக்கு வந்தார். ஒரு காலை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அது அசையவில்லை.

“ஆத்தி! ஆசாரி கட்டுனாக்கூட இப்படி நிக்காது.”

சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு அவரும் சாமான் சுமந்தார். பத்து மணிக்குள் நாற்காலிகளும் தேக்சாக்களும் கொட்டகைக்குள் போய்ச் சேர்ந்தன. முன்னறையில் தரை தெரிந்தது. மாஷிதா அதை ஒரு முறை கூட்டிவிட்டு, இரண்டு கையையும் விரித்து அகலம் பார்த்தாள்.

“ஃபிளைட்டு எத்தன மணிக்குத் தங்கச்சி?” என்றார் தனுஷ்கோடி. “மதுரை ஏர்போர்ட்டுக்கு என் வண்டியிலயே போயி பாயைக் கூட்டியாந்துருவோமா?”

“வண்டி இருக்குண்ணே. கொஞ்சம் நில்லுங்க.”

அவள் திரையை விலக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். துபாயில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் பத்து மாதமாக அந்த அறைக் கட்டிலிலேயே கிடந்த சஃபீரைச் சக்கர நாற்காலியில் தூக்கி உட்கார வைத்து, முதல் தடவையாக முன்னறை வழியே வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள்.