தேசிங்கைக் கூப்பிடும் குரல்

குடியையும் மனநோயையும் சேர்த்தே பார்க்கிற அந்த அடையாறு மருத்துவமனையின் கூடத்தில், பதினோரு மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு தரையில் கிடக்கிறது. முன்வரிசையில் தேசிங்கு உட்கார்ந்திருக்கிறான். குடியை விட்டு இன்று நூறாவது நாள்; அதற்குத்தான் இந்தப் பாராட்டுக் கூட்டம். புதுச்சட்டையின் மடிப்புகூடக் கலையவில்லை. பக்கத்தில் அவன் மனைவி பூங்காவனம். நொச்சிக்குப்பத்து ரோட்டோரத்தில் மீன் விற்றுவிட்டு அப்படியே ஓடி வந்திருக்கிறாள். மணிக்கட்டில் ஒட்டிய செதில் ஒன்று வளையலோடு போட்டி போட்டு மினுக்குகிறது. ஆளில்லாத இடத்திலிருந்து தன் பேரைச் சொல்லிக் கூப்பிடும் குரல்களை அடக்கத்தான் அவன் குடித்தான். குடிக்கக் குடிக்க அவை கூடின. இப்போது வேளை தவறாமல் மாத்திரை. கூடவே டாக்டர் பழக்கிய ஒரு வழக்கம்: குரல் கேட்டால் எழுந்து போகாதே, முதலில் பூங்காவனத்திடம் கேள். நூறு நாளில் அவள் எத்தனையோ தடவை "இல்லய்யா" என்று சொல்லியிருக்கிறாள். மேடையில் மைக் கரகரக்கிறது. "தேசிங்கு!" என்கிறது ஒரு குரல். பின்னாலிருந்து இன்னொன்று. பிறகு பத்து, இருபது, விசில், தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோலக் கைத்தட்டல். "தேசிங்கு! தேசிங்கு!" அவன் எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் குனிகிறான்.

"பூங்கா, உனுக்கும் கேக்குதா?"

"கேக்குதுய்யா!" அவள் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைக்கிறாள். "எய்ந்திரு, எல்லாரும் உன்னத்தான் கூப்ட்டுகினு கீறாங்க!"