ஒரு மிட்டாய்க்கு ஒரு மன்னிப்பு

"புதுசா வார்னிஷ் அடிச்ச கதவு சார்! அதுல போய் ஆணி! யார் வேலை இது?"

தலைமையாசிரியை போட்ட சத்தத்தில் பத்தாம் வகுப்பு கப்சிப். வரலாற்று ஆசிரியரின் முகத்தில் மட்டும் லாட்டரி விழுந்த சந்தோஷம். பிள்ளைகள் இவருக்குக் 'கி.மு. சார்' என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை என்று தலைமையாசிரியைக்குத் தோன்றியது.

ஆணியில் ஒரு தாள் தொங்கியது. 'மன்னிப்பை மிட்டாய்க்கு விற்கக் கூடாது. விற்பது சாராக இருந்தாலும் தப்பு தப்புதான்.'

"என்ன சார் இது கூத்து?"

"ஒரு காலத்துல நம்ம கிறிஸ்தவ சபையிலயே பாவமன்னிப்பைச் சீட்டு போட்டு வித்தாங்க, ஒரு துறவி அதை எதிர்த்து தேவாலயக் கதவுல தாள் அடிச்சாரு இல்லையா மேடம், அந்தப் பாடம். வாயால சொன்னா பசங்க தூங்கிடுவாங்க. அதனால ஒரு வாரமா நானே சீட்டு வித்தேன். ஒரு மிட்டாய் குடுத்தா ஒரு நாள் வீட்டுப்பாடம் மன்னிப்பு."

"அடக் கடவுளே!"

"வியாபாரம் அமோகம் மேடம். ஒருத்தராவது எழுந்து 'இது அநியாயம்'னு கேக்க மாட்டாங்களான்னு காத்துக்கிட்டே இருந்தேன். இன்னிக்குத்தான் கேட்டிருக்காங்க."

"வாங்கின மிட்டாயெல்லாம் எங்க?"

"டப்பால பத்திரமா இருக்கு. சர்க்கரை வியாதிக்காரனுக்கு மிட்டாய் எதுக்கு? நாளைக்கு எல்லாருக்கும் சும்மா குடுத்துடுவேன். அது பாடத்தோட அடுத்த பாதி."

"அதுக்காக நம்ம சபையோட அசிங்கத்தை நாமளே பசங்க முன்னாடி அவுத்துக் கொட்டணுமா?"

"அதை மறைச்சிட்டு, கடவுளோட கிருபை இலவசம்னு சொன்னா எந்தப் பிள்ளை மேடம் நம்பும்?"

தலைமையாசிரியைக்கு அந்தப் பதில் பிடித்துத்தான் போயிற்று. ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. கிருபை இலவசமாக இருக்கலாம், வார்னிஷ் இலவசமில்லையே!

"பாடம் நல்ல பாடம்தான் சார். ஆனா பள்ளிக்கூடச் சொத்துல கை வச்சா ஒரு வாரம் வெளியே. வெள்ளிக்கிழமை கடற்கரைச் சுற்றுலாவும் கிடையாது. போன மாசம் ஜன்னலை உடைச்சவனுக்கும் அதேதான்."

"மேடம், தூண்டிவிட்டது நான். தண்டனையை எனக்கே குடுத்துடுங்களேன்."

"அதெல்லாம் முடியாது. கடவுள் முன்னாடி எல்லாரும் சமம், என் முன்னாடியும் அப்படித்தான். யாராயிருந்தாலும் தயவு தாட்சண்யம் கிடையாது. யாரது, எழுந்திரு!"

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். கையில் கரும்பலகை துடைக்கும் டஸ்டர். சுத்தியல் கிடைக்காமல் அதன் கட்டையால்தான் ஆணி அடித்திருக்கிறாள்.

பள்ளித் தாளாளரின் ஒரே மகள்! தலைமையாசிரியையின் பதவி நீட்டிப்புக்கு அந்தத் தாளாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

தலைமையாசிரியை மெதுவாகக் கதவருகே போனார். ஆணியை ஒரு விரலால் தடவிப் பார்த்தார்.

"அட, சின்ன ஓட்டைதானே! கொஞ்சம் மெழுகு வச்சு அடைச்சா தெரியவே தெரியாது. பாவம், சின்னப் பிள்ளை, ஏதோ ஆர்வத்துல அடிச்சிடுச்சு. நீ உக்காரும்மா. வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு நேரத்தோட வந்துடணும், சரியா?"

வகுப்பு முழுக்க ஒரு பெருமூச்சு. கி.மு. சார் மட்டும் கூரையில் சுற்றுகிற மின்விசிறியை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் உட்காரவில்லை. கடலுக்குப் போகிற ஆசை கண்ணில் முட்டிக்கொண்டு நின்றது. இருந்தும் கேட்டுவிட்டாள்.

"மிஸ், மிட்டாய்க்காக மன்னிக்கிறது தப்புன்னா, எங்கப்பாவுக்காக மன்னிக்கிறதும் தப்புதானே? எனக்கும் அந்த ஒரு வாரத்தைக் குடுத்துடுங்க."