தொங்கு கூடை

சமையல் மேடையில் பாதியைப் பழத்தட்டே அடைத்துக்கொண்டிருந்தது பெனிட்டாவுக்கு உறுத்தலாக இருந்தது. அவளே படம் வரைந்து, வெல்டிங் பட்டறையில் கொடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கம்பிக் கூடைகள் செய்து வாங்கி, மேலே கொக்கியடித்துச் சங்கிலியில் தொங்கவிட்டாள். மேடை காலியானது. காற்றுப் பட்டதால் பழங்களும் சீக்கிரம் அழுகவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள்.

வாங்கிய பழம் மிஞ்சிக்கொண்டே இருப்பதை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள். மாமனார் சவரிமுத்து சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வாழைப்பழம் இல்லாமல் படுக்கப் போகாதவர்.

"ஏன் மாமா, இப்பல்லாம் பழமே சாப்பிடுறதில்ல?"

"கை எட்டலம்மா."

குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவரால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. அது அவளுக்குத் தெரியும். படம் வரைந்தபோது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எறக்கிக் கட்டியிருப்பேனே மாமா."

"எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்றப்ப நான் எதுக்குக் குறை சொல்லணும்?"

அன்றே சங்கிலியை நீட்டி, கூடைகளை அவர் நெஞ்சளவுக்கு இறக்கினாள்.

மறுநாள் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்தார். கூடைக்கு எதிரே நின்றார். பழத்தைத் தொடவில்லை.

"ஒண்ணு எடுத்துக்கட்டுமாம்மா?" என்று கேட்டார்.

அது அவர் கட்டிய வீடு. அதுவரை அங்கே எதற்கும் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.