குடும்ப அறையின் கதவு

உப்பளத் தெரு நூலகத்தின் குடும்ப அறை, தெருக்காரர்கள் மாதந்தோறும் போடும் ஓட்டுப்படி தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும். மெத்தை கேட்டார்கள், வந்தது. தொட்டில் கேட்டார்கள், அதுவும் வந்தது. போன மாதம் அமைதி கேட்டார்கள். மறுநாளிலிருந்து, சத்தம் போடும் குழந்தைகளுக்கு அறையின் கதவு திறக்கவில்லை.

சனிக்கிழமை மகளோடு வந்த வென்சிலா, தெருவைப் பார்த்த அறையின் வாசல்படியில் மும்தாஜைப் பார்த்தாள். மும்தாஜ் தன் மகன் ரிஸ்வானுக்கு வெயிலில் படக்கதை வாசித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது ரிஸ்வானுக்குப் பேச்சு வராது. பிடித்த படம் வந்தால் சந்தோஷத்தில் கத்துவான்.

"கதவு தெறக்க மாட்டேங்குதுக்கா. ஒரே ஒரு ஓட்டுல போச்சாம்," என்றாள் மும்தாஜ். "நீங்க எங்களுக்காகத்தான் போட்டிருப்பீங்க. ஒங்க மக பக்கத்துலதான இவன் எப்பவும் உக்காருவான்."

 மகளுக்குப் பரீட்சை நேரமென்று, காய் நறுக்கிக்கொண்டே கைபேசியில் அமைதிக்கு ஓட்டுப் போட்டிருந்தாள் வென்சிலா. அப்போது ரிஸ்வானின் நினைவே வரவில்லை.

"ஆமா, ஒங்களுக்குத்தான் போட்டேன்," என்றாள்.

அவளைக் கண்டதும் கதவு திறந்தது. உள்ளே போக மனமில்லாமல் மகளோடு படியிலேயே உட்கார்ந்தாள். அடுத்த பக்கத்தில் யானையைப் பார்த்ததும் ரிஸ்வான் கத்தினான்.

தெருவில்தான் இருக்கிறோம் என்பதையும் மறந்து, மும்தாஜ் சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள்.