ஜோடிக் கை

நீச்சல் சொல்லித்தரும் அக்காவுக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: தனியாக யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. விசில் ஊதினால் ஜோடியின் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும். "மூக்கு அரிச்சாலும் கையை விடக் கூடாது" என்பாள்.

அன்று வந்தது பதினோரு பிள்ளைகள். ஒற்றைப்படையில் வந்தால் மிஞ்சுகிற பிள்ளைக்கு அக்காதான் ஜோடி. படியருகே வந்து விசில் ஊதினாள். கைகள் ஜோடி ஜோடியாக உயர்ந்தன. ஒருவரும் மிஞ்சவில்லை.

தலைகளை எண்ணினாள். பதினொன்று. ஜோடிகளை எண்ணினாள். ஆறு.

அக்கா கத்தினாள். "எல்லாரும் மேல வாங்க! ஓடாதீங்க, வழுக்கும்!"

பத்துப் பேர் ஏறி வந்து துண்டைப் போர்த்திக்கொண்டார்கள். வாயாடி என்று பேரெடுத்தவள் மட்டும் கடைசிப் படியிலேயே நின்றாள். அவளுடைய ஒரு கை பின்னால் நீண்டு, மணிக்கட்டுவரை தண்ணீருக்குள் இருந்தது. தண்ணீர் பளிங்குபோல் தெளிவு. அடியில் நீல ஓடுகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

"கையை விடு கண்ணு. நான்தான் சொல்றேன்ல, விட்டுடு!"

வாயாடி கிசுகிசுத்தாள்.

"நான் அப்பவே விட்டுட்டேன்க்கா."