மூலத்திலும் தமிழில்

பிழைதிருத்துகிறவளுக்கு மொழிபெயர்ப்பு நாவல் என்றால் உயிர். சம்பளமும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவதாகச் சொல்லிச் சிரிப்பாள்.

பனி நாட்டு நாவலின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒருவன், "ஓட்டப்பல்லு, இருக்கியா?" என்று கேட்டான். 'மூலத்திலும் தமிழிலேயே உள்ளது' என்றது அடிக்குறிப்பு. அவளை அப்படிக் கூப்பிட்டது அண்ணன் ஒருவன்தான். அவன் இறந்து ஆறு வருடமாகிறது.

குறிப்பைப் பிழையென்று அடித்தாள். மொழிபெயர்ப்பாளர் போன் செய்தார்.

"அதை ஏம்மா எடுத்தீங்க? அந்த ஊர்ப் புத்தகத்துல தமிழ் எழுத்துலதான் அச்சாகியிருக்கு. எனக்கே மண்டை காயுது."

அடுத்து அவள் நூலகத்தில் எடுத்தது பாலைவன நாட்டு நாவல். மொழிபெயர்த்தவர் வேறு ஆள். அதே பக்கம், அதே அறை, அதே அடிக்குறிப்பு.

"ஓட்டப்பல்லு, மூடிடாத. நீ மூடினா இங்க இருட்டாயிடுது."

இடது கட்டைவிரலைப் பக்கத்துக்குள் வைத்தபடியே அடுப்பில் கிளறிக்கொண்டிருந்தாள். கணவன் எட்டிப் பார்த்தான்.

"மூணு நாளா அதே பக்கத்துலயா இருக்க? கீழ வைம்மா."

அவளும் விரலை எடுக்கத்தான் பார்த்தாள். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது அண்ணன் பிடித்துக்கொள்வதுபோல, உள்ளே யாரோ அதை இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.